பூகம்பம் இல்லை, ஏர் பிளாஸ்ட்

அன்றைக்கு ஒன்பதாவது குழியைச் சுற்றி நின்றவர்கள் ஐந்து பேர். நான். என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான். பெங்களூரிலிருந்து காரில் வந்த இரண்டு பேர். ஒருவர் வெள்ளை ஷூ போட்டவர், இன்னொருவர் அவருக்குக் கீழே வேலை பார்க்கிற கண்ணாடிக்காரர். ஐந்தாவது, மைதானத்தில் மணலைச் சமம் பண்ணுகிற அக்கா. ஆறாவதாக ஒரு நாய்கூட அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பதில்தான் அத்தனை வயிற்றெரிச்சலும் வந்தது.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் கே.ஜி.எஃப். கோல்ஃப் மைதானத்தில் நடந்தது இது.

கோல்ஃபா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஸ்கெலட்டன் என்கிற பகுதியில், சுரங்கக் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடு. பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை. வாரம் பூராவும் விடியற்காலை ரயில், ராத்திரி ரயில். இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பாதி கர்த்தருக்கு, பாதி கோல்ஃபுக்கு. வெள்ளைக்காரன் தங்கம் எடுக்க வந்தபோதே இந்த மைதானத்தையும் போட்டுவிட்டுப் போய்விட்டான். அதிகாரிகளுடைய மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து நடந்து எங்கள் ஆட்கள் நிறையப் பேர் ஆடக் கற்றுக்கொண்டார்கள். நானும் அப்படித்தான். யாரோ வேண்டாம் என்று கொடுத்த மட்டைகள், யாரோ தொலைத்த பந்துகள். ஷூ மட்டும் என்னுடையது. டியூட்டிக்குப் போடுகிற கறுப்பு பூட்ஸ்.

நான் பயந்த சுபாவம். கேஸை மூடினோமா என்று ரயில் ஏறின பிறகு வீட்டுக்குத் திரும்பத் திரும்ப போன் பண்ணுகிற ஆள். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோல்ஃப் பயந்தவனுக்கு நல்ல ஆட்டம். தைரியசாலி குழியில் நட்டிருக்கிற கொடியைப் பார்த்து அடிப்பான். பந்து பறந்து போய் குழியைத் தாண்டி மேல்பக்கம் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அங்கிருந்து இறக்கத்தில் உருட்டணும். அது மாடிப்படியில் கைதவறின எலுமிச்சம்பழம் மாதிரி, எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் கொடியையே பார்க்க மாட்டேன். முன்னாடியே விழவைத்து, தரையோடு ஓடவிட்டு, குழிக்குக் கீழே நிறுத்திவிடுவேன். கீழேயிருந்து மேட்டுக்கு உருட்டும்போது கொஞ்சம் பலமாகப் போனாலும் மேடே பிடித்துக்கொள்ளும். பயப்படுகிறவனுக்கு எப்போதும் மேடு துணை.

மற்ற ஊர்களில் குழியைச் சுற்றிப் பச்சைப் புல் இருக்குமாம். எங்களுக்குக் குடிக்கவே தண்ணீர் பஞ்சம், புல்லுக்கு எங்கே போவது? எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி வைத்திருப்பார்கள். நிறத்தைப் பார்த்து அதை பிரௌன் என்போம். ஒவ்வொருத்தரும் ஆடி முடித்ததும் காலடித் தடமெல்லாம் போக, அக்கா ஒரு கனத்த சாக்கை அதன் மேல் இழுத்துவிட்டுப் போவார். அடுத்து வருகிறவனுக்குச் சுத்தமான மணல் கிடைக்க வேண்டும், அதுதான் வழக்கம்.

ஒன்பதாவது பிரௌன் மட்டும் பக்கவாட்டிலும் சாய்ந்து கிடக்கும். கீழே இருக்கிற பழைய சுரங்க வழிகள், அதாவது லெவல்கள், இறங்கிக்கொண்டே போவதால் மேலே மண்ணும் இறங்குகிறது என்பான் மச்சான். உண்மையோ பொய்யோ. அதற்குப் பின்னால் தங்கம் எடுத்த பிறகு கொட்டின சயனைடு மண், மலை மாதிரி நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் மேடு எது பள்ளம் எது என்று கண் ஏமாந்துவிடும்.

அன்றைக்கு அந்த இரண்டு பேரும் எதிர்த்து ஆட ஒரு ஜோடியைத் தேடிக்கொண்டு நின்றார்கள். பளபளவென்று இரண்டு பை. மச்சான் என்னைக் கேட்கவே இல்லை. ஆளுக்கு நூறு ரூபாய் பந்தயம் என்று ஒத்துக்கொண்டுவிட்டான். ஆராதனைக்கு வேறு போகாமல் வந்திருக்கிறேன். பந்தயம் என்று வீட்டில் தெரிந்தால் ஒரு பாடு. ஆனால் பணத்தைவிட எனக்கு இன்னொரு பயம். எங்களை மாதிரி ஆட்கள் அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆடுவது நல்ல பேரை வைத்துத்தான். வெளியூர்க்காரர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்துவிடக் கூடாது. என் வேலையும் அப்படிப்பட்டதுதான். செக்யூரிட்டிக்காரனுக்குப் பேர் போனால் அப்புறம் என்ன இருக்கிறது, யூனிஃபார்ம்தான் இருக்கும்.

வெள்ளை ஷூக்காரர் முதல் குழியிலேயே என் பூட்ஸைப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். அதிலிருந்து எனக்குப் பேர் 'செக்யூரிட்டி' ஆகிவிட்டது. நான் பந்தை முன்னால் விழவைக்கிற ஒவ்வொரு தடவையும், கொடி அங்கே இருக்கிறது, நீ எந்த கேட்டைக் காவல் காக்கிறாய் என்று ஒரு சிரிப்பு. அவர் சிரித்தால் கண்ணாடிக்காரரும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக. என் மச்சானும் ஒரு தடவை சிரித்தான். அதை நான் மறக்கவில்லை.

ஆனால் ஆட்டம் என்னவோ சமமாகத்தான் வந்துகொண்டிருந்தது. அவர் கொடிக்கு அடிப்பார், தாண்டிப் போய்விடும், மேலேயிருந்து உருட்டி அந்தக் கோடிக்குப் போவார். கோபம் எங்கள் மணல் மேல் வரும். இதெல்லாம் ஒரு கிரவுண்டா என்பார்.

ஒன்பதாவது குழிக்கு வந்தபோது இரண்டு பக்கமும் சமம். கடைசிக் குழி. நான் இரண்டு அடி அடித்தாகிவிட்டது, மூன்றாவதில் பிரௌனுக்குப் போகணும். வழக்கம்போல முன்னால் விழவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவர் சொன்னார்:

"ஒரு தடவையாவது ஆம்பளை மாதிரி கொடிக்கு அடிப்பா, செக்யூரிட்டி."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ரோஷம். கொடிக்கே அடித்தேன். அழகாகப் போய், கொடியைத் தாண்டி, மேல்பக்கத்தில் போய் உட்கார்ந்தது. வாழ்நாள் பூராவும் எந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று ஆடினேனோ அதே இடம். மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னா மாமா நீ, அவன் சொன்னான்னு அடிச்சிட்டியே."

வெள்ளை ஷூக்காரர் சயனைடு மேட்டைப் பார்த்துச் சாய்வைத் தப்பாகக் கணக்குப் போட்டு, அவருடைய பந்து குழியைவிட்டு எதிர்ப்பக்கம் ஓடியது. ஒருவழியாக அவர் ஐந்து அடியில் முடித்தார், கண்ணாடிக்காரர் ஆறில். ஜோடியில் யாருடையது குறைந்த அடியோ அதுதான் கணக்கு. மச்சான் பந்தைப் புதரில் தொலைத்துவிட்டு வந்து நின்றான். பாக்கி நான் மட்டும். நாலாவது அடியில் விழுந்தால் நாங்கள் ஜெயிப்பு. இல்லையென்றால் இன்னொரு அடியில் முடித்துச் சமம்.

அக்கா என் பந்திலிருந்து குழி வரைக்கும் சாக்கை இழுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றார். புதுசாகப் பெருக்கின வாசல் மாதிரி இருந்தது மணல். நான் குழியைப் பார்க்கவில்லை. சாய்வு இடது பக்கம் இழுக்கும். குழிக்கு நேராக அடித்தால் கீழே போய்விடும். அதனால் வலது பக்கம், மேலே, மணலில் கறுப்பாக ஒரு எண்ணெய்த் திட்டு தெரிந்தது, அதைப் பார்த்து வைத்துக்கொண்டேன். அங்கே வரைக்கும் போய் வேகம் செத்துவிட்டால் போதும், மிச்சத்தைச் சாய்வே கொண்டுபோய்க் குழியின் தலைப்பக்கம் சேர்க்கும். தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரி தொட்டேன். பந்து திட்டு வரைக்கும் போனது, திரும்பியது, மெதுவாக, மெதுவாக இறங்கி, குழியின் விளிம்பில் வந்து நின்றுவிட்டது. பாதி பந்து உள்ளே எட்டிப் பார்க்கிறது. விழவில்லை.

வெள்ளை ஷூக்காரர் உடனே கையை நீட்டினார். சமம், கிளம்பலாம் என்றார். நான் பந்தை நோக்கி நடக்க ஆரம்பித்தேன். விளிம்பில் நிற்கிற பந்துகிட்டே நடந்து போகிற நேரமும், போய் நின்ற பிறகு பத்து விநாடியும் ஆடுகிறவனுக்கு உண்டு. அதற்குள் விழுந்தால் விழுந்ததுதான். இது நான் சொல்வதில்லை, ஆட்டத்தின் சட்டம்.

பாதி தூரம்கூடப் போகவில்லை. காலுக்குக் கீழே 'தும்' என்று ஒன்று.

பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் அரிசி மூட்டையை இறக்கினால் எப்படி இருக்கும், அப்படி. பூட்ஸுக்குள் பாதம் கூசியது. ஓரத்தில் நிறுத்தியிருந்த பளபளப் பையில் மட்டைகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணு என்றன. பை சாயப் போனது, பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரர் சட்டென்று கையைப் போட்டு அதைப் பிடித்துக்கொண்டார். பந்து குழிக்குள் விழுந்தது. டொக் என்று அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன். இதற்கு எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்று பேர். பூமிக்குள்ளே தோண்டித் தோண்டி வைத்திருக்கிற வழிகளில் எங்கேயாவது பாறை வெடித்து இடியும், மேலே அதிரும். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆகி, உள்ளே தண்ணீர் நிறைந்து கிடந்தும், இப்போதும் எப்போதாவது வரும். வீட்டில் பாத்திரம் ஆடும். ஆடி நின்றதும் நாங்கள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவோம்.

மச்சான் என்னைக் கட்டிப் பிடிக்க ஓடி வந்தான். அதற்குள் வெள்ளை ஷூக்காரர் சொல்லிவிட்டார்.

"பூட்ஸால மிதிச்சு விழ வச்சிட்டே. நான் பார்த்தேன்."

எனக்கு ஒரு நிமிஷம் அவர் யாரைச் சொல்கிறார் என்றே புரியவில்லை. மிதிக்கவில்லை சார், ஏர் பிளாஸ்ட் என்றேன். அவருக்கு அந்த வார்த்தையே தெரியவில்லை. நிலம் அதிர்ந்தது சார் என்றேன். நான் நடந்து வந்த தடம் மணலில் இருக்கிறது, வந்து பாருங்கள், மிதித்திருந்தால் குதிகால் ஆழமாகப் பதிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

தடம் எங்கே இருக்கிறது? பந்து விழுந்தது, ஆட்டம் முடிந்தது என்று அக்கா பாட்டுக்கு சாக்கை இழுத்துக்கொண்டு பாதி பிரௌனைத் தாண்டிவிட்டிருந்தார். மழமழவென்று மணல். என் ஒரே சாட்சி அந்தச் சாக்குக்கு அடியில் போய்விட்டது. கோபித்துக்கொள்ள முடியுமா? அவங்க வேலையை அவங்க செய்தாங்க. அதுவும் என்றைக்குமில்லாத சுறுசுறுப்பாக.

வெள்ளை ஷூக்காரருக்கு இது போதாதா? இங்கேயே கேட்டுவிடுவோம் என்று அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இப்போ இங்க பூகம்பம் வந்துச்சா?"

அக்கா சாக்கை விட்டுவிட்டு நிமிர்ந்து அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

"பூகம்பமா? இங்க எங்க சார் பூகம்பம்? அதெல்லாம் டிவில காட்டுவாங்களே, வீடெல்லாம் இடிஞ்சி கெடக்குமே. நம்ம ஊருல அதெல்லாம் ஒண்ணும் கெடையாது சார்."

நல்ல மனசோடு, எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர் பயந்துவிடக் கூடாதே என்று ஆறுதலாக வேறு சொன்னார். பொய் சொல்லவில்லை பாருங்கள், அதுதான் கொடுமை. பூகம்பம் என்கிற வார்த்தைக்கும் எங்கள் காலடியில் வருகிறதுக்கும் அவங்களுக்குச் சம்பந்தமே இல்லை. எங்கள் ஊரில் யாருக்குமே இல்லை.

நான் கேட்டேன், "அக்கா, ஏர் பிளாஸ்ட் வந்துச்சா இல்லியா?"

"அது வந்துச்சிப்பா. இப்பதானே வந்துச்சி. அது எப்பவும் வர்றதுதானே. அவுரு பூகம்பம்தானே கேட்டாரு?"

வெள்ளை ஷூக்காரர் கைதட்டினார். நன்றாகச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாய் என்றார். மச்சான் நானும் பார்த்தேன், நானும் உணர்ந்தேன் என்று சத்தியம் பண்ணினான். நீ அவன் மச்சான்தானே, வேறு என்ன சொல்வாய் என்றார். மச்சான் சத்தியம் பண்ணுகிற அழகும் அப்படித்தான் இருந்தது. நானே நம்பியிருக்க மாட்டேன்.

ஐந்து பேரில் பாக்கி ஒருத்தர்தான். நான் கண்ணாடிக்காரரைப் பார்த்தேன். பையைப் பிடித்த கையை இன்னும் எடுக்கவில்லை அவர்.

"சார், பை சாஞ்சிச்சே, நீங்க புடிச்சீங்களே" என்றேன்.

அவர் தன் முதலாளியைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் கவனிக்கல" என்றார்.

வெள்ளை ஷூக்காரர் திட்டினது எனக்கு அப்போது பெரிதாக வலிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாமல் இருந்திருக்கலாம். கையை நீட்டிக்கொண்டு, ஜெயித்துவிட்ட மாதிரி நின்றவருக்குக் கால் எங்கே தெரியும்? ஆனால் இந்த மனுஷனுக்குத் தெரியும். அவர் கைக்குத் தெரியும். தெரிந்திருந்தும், ஒருத்தன் இன்னொருத்தனைத் திருடன் ஆக்குவதைப் பார்த்துக் கண்ணாடி துடைத்துக்கொண்டு நிற்க எப்படி முடிகிறது?

வெள்ளை ஷூக்காரர் பர்ஸை எடுத்தார். இரண்டு நூறு ரூபாய் நோட்டு. ஏமாற்றினாலும் பரவாயில்லை, இரண்டு பேரும் டீ குடியுங்கள் என்று நீட்டினார். கிளப் ஆபீஸில் சொன்னால் நாளைக்கு நீ இந்தப் பக்கம் வர முடியாது, நான் சொல்லாமல் போகிறேன் என்று ஒரு தர்மம் வேறு.

மச்சான் ஒன்றை வாங்கிக்கொண்டான். சத்தியமாக வாங்கிக்கொண்டான். என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்:

"துட்டுக்கு வாய் இருக்கா மாமா, டீக்குக் குடுத்தாங்களா பந்தயத்துக்குக் குடுத்தாங்களான்னு சொல்றதுக்கு?"

நான் கையை நீட்டவில்லை. பந்தயக் காசு என்று கொடுங்கள் சார், வாங்கிக்கொள்கிறேன் என்றேன். குரல் நடுங்கிவிட்டது, எனக்குக் கோபம் வந்தாலும் பயத்தில் வருகிற குரல்தான் வரும். அவர் சிரித்துக்கொண்டே நோட்டைப் பர்ஸுக்குள் திரும்ப வைத்தார். 'செக்யூரிட்டி'க்கு ரோஷத்தைப் பார் என்றார். அக்கா கொடியைக் குழியில் நட்டுவிட்டு வேறொரு பிரௌனுக்குப் போய்விட்டார்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் மறந்திருப்பேனோ என்னவோ. கார் கிளம்புகிற நேரம், தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டேன் என்று கண்ணாடிக்காரர் மட்டும் திரும்பி வந்தார். பாட்டிலை எடுத்துக்கொண்டு போகாமல் என் பக்கத்தில் நின்றார். காரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அண்ணா, அந்த அதிர்வு இங்க அடிக்கடி வருமா? பயமா இல்லையா உங்களுக்கு?"

நான் பயந்தவன் சார், எனக்கு எல்லாத்துக்கும் பயம், இது ஒன்றுக்குத்தான் பயமில்லை என்று சொல்லியிருக்கணும். அப்போது தோன்றவில்லை.

"இதை அங்க சொல்லி இருக்கலாமே சார்" என்று மட்டும் சொன்னேன்.

"என் பிரமோஷன் அவர் கையில இருக்கு அண்ணா. ஒரு நூறு ரூபாய்க்காக..." என்று இழுத்தார். அவரும் பர்ஸை எடுத்தார். வேண்டாம், போங்க சார் என்றேன். போய்விட்டார்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றேன். யாரும் கேட்காமலே கடைக்காரர் சொல்கிறார், கொஞ்ச நேரம் முன்னால் ஏர் பிளாஸ்ட் வந்ததே, டம்ளரெல்லாம் ஆடியது என்று. எங்கள் ஊரிலேயே பாலகாட் சுரங்கப் பகுதியிலிருந்து வந்த ஒருத்தர், எங்கள் பக்கமும் வந்தது என்றார். நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கமும் நல்லா கேட்டதாம். வீட்டுக்குப் போனால் மனைவி, ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது பெஞ்சு ஆடியது, நீங்கள் கோவிலில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்கிறாள். ஊர் பூராவும் எனக்குச் சாட்சி. ஒருத்தரும் அந்தக் காரில் இல்லை.

பல ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆபீஸில் சொல்லிவிட்டிருப்பாரோ, என்னை உள்ளே விடமாட்டார்களோ என்று கேட் வரைக்கும் போய் திரும்பி வந்த ஞாயிறும் உண்டு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் ஆடுகிறேன். கொடிக்கு மட்டும் அடிப்பதில்லை. அக்காவிடம் ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டேன், இன்னொரு தடவை யாராவது பூகம்பம் வந்ததா என்று கேட்டால் என்ன சொல்வீங்க என்று. யோசித்துவிட்டு, ஏன் தம்பி, வரப் போவுதா என்று பயந்துபோய்க் கேட்டார்.

கொஞ்ச நாள் கழித்து, நான் வேலை செய்கிற குடியிருப்பில் ஒரு சம்பவம். சாப்பாடு கொண்டுவந்த ஓர் ஆள் வண்டியைத் திருப்பும்போது கார் ஒன்றில் கீறிவிட்டான் என்று அதன் சொந்தக்காரர் சட்டையைப் பிடித்துவிட்டார். அங்கே நாலு பேர் நின்றார்கள். அந்தக் கீறல் காலையிலேயே இருந்தது. அவர் மகன் சைக்கிளை அந்தக் கார் மேல் உரசிக்கொண்டு போனதை நான் பார்த்திருந்தேன். சம்பளம் தருகிற அசோசியேஷனில் அவர் பெரிய ஆள். என் கை பாட்டுக்கு மேஜையில் இருந்த பேனாவைத் தேடி எடுத்து, மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கண்ணாடி ஞாபகம் வந்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டுப் போய்ச் சொன்னேன். அன்றைக்கும் அதே நடுங்குகிற குரல்தான். வேலை போகவில்லை. அவர் மட்டும் ரொம்ப நாள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போனார். போகட்டும்.

எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. யாராவது பக்கத்தில் நிற்கிறவன் மேல் பழி போடும்போது என் வாய் தானாக மூடிக்கொள்ளப் பார்க்கும். அப்போது அந்தப் பை சாய்ந்ததும், அதை ஒரு கை பிடித்ததும் கண்ணில் வந்து நிற்கும், வாயைத் திறந்துவிடுவேன். மச்சான் கணக்கு அன்றைக்கே டீயோடு தீர்ந்துவிட்டது. என் கணக்கு தீரவில்லை. அந்த வெள்ளை ஷூக்காரர் எனக்கு இன்றைக்கும் தர வேண்டியது, டீக்காக இல்லை, நான் ஜெயித்ததற்காக, நூறு ரூபாய்.